வசந்தாமணி படித்த நான்கு புத்தகங்கள்

ஜூலை 4, வியாழன்

நாற்பத்தொன்பது வயதில் முதன்முறையாக நாட்குறிப்பு எழுதுகிறேன். இலக்கிய ஆசையெல்லாம் இல்லை. பத்து நாள் தலையைக் குனிந்தே வைத்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். குனிந்த தலைக்கு முன்னால் எதையாவது வைக்க வேண்டுமே. மேஜை இருக்கிறது, நோட்டு இருக்கிறது.

வலது கண்ணில் விழித்திரை கழன்றுவிட்டது. திங்கட்கிழமை கோவை கண் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டிருக்கிறார்கள். அது மேலே மிதந்து விழித்திரையை ஒட்டிப் பிடிக்க வேண்டுமானால் நான் தரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். சாப்பிடும்போதும், தூங்கும்போதும். இடது கண் பிறவியிலேயே சோம்பேறி. ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. எழுத்து இருப்பது தெரியும், என்ன எழுத்து என்று தெரியாது. இத்தனை வருடமும் வலது கண்தான் இரண்டு பேர் வேலையைப் பார்த்துவந்தது. இப்போது ஸ்கெட்ச் பேனாவால் கட்டைவிரல் உயரத்துக்கு எழுதுகிறேன். பக்கத்துக்கு ஏழு வரி.

பார்வை எவ்வளவு திரும்பும் என்று கேட்டேன். "இப்பச் சொல்ல முடியாதுங்க, மூணு வாரம் போகட்டும்" என்றார். கரூரில் படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் நான் ஷேடு பார்க்கிறவன். வெளிநாட்டுக்காரன் அனுப்பிய துணித்துண்டின் நிறமும் நாங்கள் சாயமேற்றிய துணியின் நிறமும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கண் இல்லாவிட்டால் வேலை இல்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், ஆபரேஷன் மேஜையில் படுத்திருந்தபோது வேலை நினைவுக்கே வரவில்லை. ஐந்தாம் தேதி பார்சல் வந்துவிடுமே என்றுதான் நினைத்தேன்.

ஜூலை 5

பார்சல் வந்துவிட்டது.

விவரம் தெரியாதவர்களுக்காக. (யார் படிக்கப் போகிறார்கள், இருந்தாலும்.) நீலக்குதிரை காமிக்ஸ் என்பது வெளிநாட்டுச் சித்திரக்கதைகளைத் தமிழில் போடும் சின்னப் பதிப்பகம். சந்தா கட்டியவர்களுக்கு மாதம் நான்கு புதுப் புத்தகம் வரும். வந்த நாளில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யார் முதலில் அட்டைப் படம் போடுவது என்று ஒரே அமளி. குழுவின் பெயர் ‘கட்டம் போட்ட கூட்டம்’. நூற்று எண்பது பேர், பெரும்பாலும் நரைத்த தலைகள். அட்டையைவிடப் பெரிய போட்டி விமர்சனத்துக்கு. இருபத்திரண்டு வருடமாக ‘இந்த மாத நான்கு’ என்று வரிசைப்படுத்தி எழுதிவருகிறேன். முதலில் வாசகர் கடிதமாக, பிறகு வலைப்பூவில், இப்போது குழுவில். எது முதலிடம், எது கடைசி என்று நான் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள். தயவு தாட்சண்யம் கிடையாது. ஒருமுறை ஒரு புத்தகத்தைப் பற்றி, "நான்கு பேர் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர்" என்று எழுதினேன். எடிட்டரே ஃபோன் செய்து சிரித்தார்.

மதியம் நாகர்கோவில் ஜெபசிங் கூப்பிட்டான். குழுவில் எனக்கு அடுத்த விமர்சகன். அவன் ஓவியக் கட்சி, நான் கதைக் கட்சி. "அண்ணாச்சி, இந்த மாசம் நல்லா ரெஸ்ட் எடும். லிஸ்ட்ட நான் போட்டுக்கிடுதேன்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதுதான் எரிச்சலாக இருந்தது.

பார்சலை வெகுநேரம் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தேன். பிறகு பிரித்தேன். மை வாசனை வந்தது. வாசனைக்கு எத்தனை மார்க் போடுவது?

ஜூலை 6

கழுத்து வலி. வேறு செய்தி இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

வசந்தாமணி இருபத்து நான்கு வருடமாக என் மனைவி, பதினெட்டு வருடமாக அங்கன்வாடி ஆசிரியை. என் சேகரிப்புக்கு அவள் வைத்திருக்கும் பெயர் பொம்மைப் புத்தகம். பீரோவில் துணிக்கு இரண்டு தட்டு, பொம்மைப் புத்தகத்துக்கு மூன்று தட்டு என்பது எங்கள் வீட்டில் தீராத வழக்கு. அப்படிப்பட்டவள் இன்று காலை தானாக வந்து நின்றாள்.

"ஏனுங்க, நான் வேணாப் படிக்கட்டுங்களா?"

வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். ஜெபசிங் நினைவுக்கு வந்தான். சரி என்றேன்.

முதலில் ‘செம்மண் தீர்ப்பு’. மார்ஷல் கிரேடி என்ற கௌபாய் அதிகாரியின் பதினான்காவது சாகசம். அவள் படித்தது இப்படி: "நில்லுடா. நகர்ந்தால் சுடுவேன். சுடு பார்க்கலாம். டுமீல். ஆ." எல்லாம் ஒரே மூச்சில், மளிகைச் சீட்டு வாசிக்கிற குரலில்.

"யாரு யாரச் சொல்றாங்க வசந்தா?"

"தொப்பி போட்டவனுங்க."

"அது கௌபாய் கதை. எல்லாருமே தொப்பி போட்டவந்தான்!"

பத்தாம் பக்கத்தில் சுடப்பட்டு இறந்தவன் பதினோராம் பக்கத்தில் எழுந்து தண்ணீர் கேட்டான். "செத்தவன் தண்ணி கேக்கறானுங்க" என்று அவளே திகைத்தாள். விசாரித்தால், அது இரண்டு பக்கத்தையும் சேர்த்து விரித்த ஒரே படம். கட்டங்கள் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு நேராக ஓடும். இவள் இடது பக்கத்தை மேலிருந்து கீழ்வரை முடித்துவிட்டு அப்புறம் வலது பக்கத்துக்குப் போயிருக்கிறாள். காமிக்ஸ் படிக்கத் தெரியாதவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

பிறகு ஒரு முறை வகுத்தோம். முதலில் "கட்டம் ஒண்ணு" என்று எண் சொல்ல வேண்டும். அடுத்து யார் எங்கே நிற்கிறார்கள். அப்புறம்தான் பேச்சு. நான் இருபத்தைந்து நிமிடத்தில் முடிக்கும் புத்தகம் இரண்டரை மணி நேரம் ஆயிற்று. கடைசிக் கட்டம் வந்ததும் அவள் கேட்டாள், "இத்தன பக்கத்துல அந்தக் குதிரைக்கு ஒருத்தனுமே தண்ணி வெக்கலியே, கவனிச்சீங்களா?"

கவனித்ததில்லை. பதினான்கு புத்தகத்திலும்.

ஜூலை 9

நேற்று ‘பனிச்சுரங்கம்’, இன்று ‘போம்போவின் கப்பல் சமையல்’.

பனிச்சுரங்கம் துப்பறியும் கதை. பன்னிரண்டாம் பக்கத்தில் வசந்தாமணி நிறுத்தி, "அந்தப் பண்டகசாலைக்காரந்தானுங்க கொன்னது" என்றாள். எப்படித் தெரியும்? "எல்லாரும் குளுருல நடுங்கறாங்க. இவன் மட்டும் ஏப்ரனக் கழட்டிக் கோட்டுப் போடாம, எதையோ மறைக்கறாப்பல கையக் கட்டீட்டு நிக்கறான். எங்க சென்டர்ல சட்டைல மாவு கொட்டுன பசங்க இப்படித்தான் கையக் கட்டீட்டு நிப்பாங்க." மீதி முப்பத்து நான்கு பக்கத்தையும் கொலைகாரன் யாரென்று தெரிந்தே கேட்டேன். அவள் சொன்னவன்தான்.

போம்போவில் ஓரிடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்து படிக்க முடியவில்லை. தலையைக் குனிந்தபடி அவள் சிரித்து முடிக்கக் காத்திருந்தேன். இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நாளாயிற்று. நான் கேட்டு நாளாயிற்று என்றும் சொல்லலாம்.

ஜூலை 10

பரிசோதனைக்குக் கோவை போனோம். பஸ்ஸில் மூன்று மணி நேரம் முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்தபடி. விழித்திரை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டரம்மா. நல்ல செய்தி.

பரிசோதனை முடிந்து என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு வசந்தாமணி மட்டும் உள்ளே கொஞ்ச நேரம் இருந்தாள். கேட்டதற்கு, சொட்டு மருந்து எழுதி வாங்கினேன் என்றாள். சொட்டு மருந்து ஏற்கெனவே பையில் இருந்தது. இன்னொரு பாட்டில் இருந்தால் நல்லதுதான்.

திரும்பும்போது அவள் பேசவில்லை. களைப்பாக இருக்கும்.

ஜூலை 12

குனிகிற தண்டனை முடிந்தது. குமிழி இன்னும் உள்ளே இருக்கிறது. வலது கண்ணைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டிக்குள் முங்கிப் பார்ப்பது போல எல்லாம் நெளிகிறது. அதனால் வாசிப்பு தொடர்கிறது.

நான்காவது புத்தகம் ‘வடக்கே ஒரு நதி’. இதைத்தான் ஆறு மாதமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். நூற்றுப் பத்துப் பக்கம், ஒரே கதை. எமில் என்று ஒரு வரைபடக்காரன். பனிமலைகளுக்கு நடுவே ஓடும் ஒரு நதி எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடித்து வரைபடத்தை முடிக்க வேண்டும். கூட ஒரு கோவேறு கழுதையும் அதை ஓட்டிவரும் இனேஸ் என்ற பெண்ணும். அவ்வளவுதான் கதை. துப்பாக்கியே கிடையாது.

வசந்தாமணி தேறிவிட்டாள். கட்ட எண் சொல்வதைக்கூட விட்டுவிட்டாள், தேவைப்படவில்லை. இன்று அறுபது பக்கம். ஒரு குறை. எமிலுக்கு அடிக்கடி தலைவலி வருகிறது. எதற்கு இந்தத் தலைவலி என்று கதாசிரியர் எங்கும் விளக்கவில்லை. மார்க் குறைக்க வேண்டும்.

ஜூலை 13

முடித்துவிட்டோம். எழுதும்போது கை பரபரக்கிறது.

நூறாம் பக்கம் தாண்டியதும் அவள் சட்டென்று நிறுத்தினாள். அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். அடுப்பில் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. திரும்பி வர நேரமாயிற்று. வந்து உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

"இப்ப விடியுதுங்க. வானம் மொதல்ல கத்திரிப்பூ நெறத்துல இருக்குது. ஓரத்துல மட்டும் மஞ்சக்கெழங்கு ஒரசுனாப்பல ஒரு கோடு. ரண்டு பேரும் மேல போய்ச் சேந்துட்டாங்க. நதின்னா பெருசா ஒண்ணும் இல்லீங்க. ஒரு கல்லுக்கடீல இருந்து சொட்டுச் சொட்டா வருது. கைய வெச்சா மறஞ்சு போயிரும். சுத்தியும் பனி, அதும்மேல ரோஸ் கலருல வெயிலு. அவன் குனிஞ்சு தண்ணில அவன் மொகத்தப் பாக்கறான்."

"என்ன சொல்றான்?"

"ஒண்ணுஞ் சொல்லல. பேச்சே இல்லீங்க இந்தப் பக்கமெல்லாம். பாத்துட்டே இருக்கறான். எல்லாந் தெரியுது அவனுக்கு."

பக்கங்கள் மெல்லப் புரளும் சத்தம் கேட்டது. எட்டுப் பக்கம். ஒரு வார்த்தை இல்லாமல் எட்டுப் பக்கம் நிறத்தை மட்டும் வைத்துக் கதையை முடிக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! கதைக் கட்சிக்காரனான நானே ஓவியத்துக்குக் கும்பிடு போட்டேன். நிறம் என் தொழில். அந்தக் கத்திரிப்பூவும் மஞ்சளும் ரோஸும் கண்முன்னே நின்றன.

ஜூலை 15, திங்கள்

வசந்தாமணி இன்று வேலைக்குத் திரும்பினாள். வீட்டில் நான் மட்டும். ஃபோனில் குரல் பதிவுக்கு எங்கே அமுக்க வேண்டும் என்று விரலுக்கே தெரியும். ‘இந்த மாத நான்கு’ முதன்முறையாகக் குரலில். பேசியதை எழுத்து நடையில் இங்கே பதிந்து வைக்கிறேன்.

நான்காம் இடம், ‘செம்மண் தீர்ப்பு’. மார்ஷல் கிரேடி ஓய்வு பெறலாம். பதினான்கு கதையாக நீதி, நியாயம் என்று முழங்கும் இந்த மனிதர் தன் குதிரைக்கு ஒருமுறைகூடத் தண்ணீர் காட்டியதில்லை. கூர்ந்து கவனிக்கும் வாசகனுக்கு இது தெரியும். பத்துக்கு நான்கு.

மூன்றாம் இடம், ‘பனிச்சுரங்கம்’. அட்டையும் தாளும் அருமை. ஆனால் பன்னிரண்டாம் பக்கத்திலேயே ஒரு சராசரி வாசகர் கொலைகாரனைப் பிடித்துவிடுகிறார் என்றால் இன்ஸ்பெக்டருக்கு எதற்குச் சம்பளம்? பத்துக்கு ஐந்து.

இரண்டாம் இடம், ‘போம்போவின் கப்பல் சமையல்’. நகைச்சுவைக் கதையை மொழிபெயர்ப்பது கத்திமேல் நடப்பது. நடந்திருக்கிறார்கள். வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் புத்தகம், நேரில் கண்ட சாட்சி உண்டு. பத்துக்கு எட்டு.

முதலிடம், ‘வடக்கே ஒரு நதி’. தலைவலி விஷயத்தை மன்னித்துவிடுகிறேன். காரணம், கடைசி எட்டுப் பக்கத்தின் வண்ணம். இருபது வருடம் ஷேடு கார்டு பார்த்தவன் சொல்கிறேன், அப்படியொரு விடியலைத் தமிழ் காமிக்ஸில் நாம் பார்த்ததில்லை. ஜெபசிங், உன் கட்சி ஜெயித்துவிட்டது. பத்துக்குப் பத்து. நான் பத்து போட்டதே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அனுப்பிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். கண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்டபாணி தண்டபாணிதான்.

ஜூலை 16

காலை வரை குழுவில் ஒரு சத்தமும் இல்லை. அதுவே வழக்கமில்லாதது. பிறகு ஜெபசிங் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, தப்பா எடுக்காதியும். கலரு கலருன்னு சொல்லுதீரே, எந்தப் பக்கத்த?"

"கடைசி எட்டு."

"அது கறுப்புல்லா அண்ணாச்சி?"

"என்ன கறுப்பு?"

"முழுப் பக்கமும் கறுப்பு. படமே கெடையாது. எமிலுக்குப் பனி வெளிச்சத்துல கண்ணு போயிருது. மொதல்லேர்ந்தே கண்ணத் தேய்ச்சுக்கிட்டே வாரான்லா? நீரு தலைவலின்னு சொல்லுதீரு. எல்லாரும் எங்கிட்டத் தனியா, நீரு வேற புஸ்தகம் படிச்சீரோன்னு கேக்கானுவ. எனக்குச் சிரிக்கவும் முடியல, பாத்துக்கிடும்."

புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கங்களில் ஒன்றை மூக்கோடு ஒட்டி இடது கண்ணால் பார்த்தேன். கறுப்பு. அங்கங்கே வெள்ளைத் திட்டு. அவ்வளவுதான் தெரிந்தது, அது போதுமாக இருந்தது.

நான்கு மணிக்கு அவள் வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன். இருபத்திரண்டு வருடப் பெயர் என்றேன். நூற்று எண்பது பேர் முன்னால் கோமாளி ஆக்கிவிட்டாய் என்றேன். ஒரு பொம்மைப் புத்தகத்தை உள்ளபடி படிக்கத் தெரியவில்லையா என்று கேட்டேன். அதை அவள் வார்த்தையாலேயே கேட்டது எனக்கே அசிங்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டாள்.

"நீங்க குரூப்புல போடுவீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "அந்தப் பக்கத்தத் திருப்புனா ஒரே இருட்டு. ‘இனேஸ், எனக்கு எதுவும் தெரியவில்லை’ன்னு அவன் சொல்றான். அத உங்க முன்னால நான் படிக்கோணுமா? டாக்டரம்மா அன்னிக்கு என்னைய உள்ள கூப்ட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? ஒட்டிக்கிச்சு, ஆனா விழித்திரையோட நடுப்பக்கம் ரொம்ப நாள் விட்டுக் கெடந்திருக்குது, படிக்கற பார்வ வருமா வராதான்னு பாதிக்குப் பாதிதான்னாங்க. இவருகிட்ட இப்பச் சொல்லோண்டாம், மனசு விட்ருவாருன்னாங்க. மூணு நாளா அதத் தொண்டைல வெச்சுட்டுத்தான் படிச்சேன். எனக்கு வேற வழி தெரியல. விடிய வெச்சுட்டேன்."

"பக்கம் புரட்டினியே?"

"சத்தம் கேக்கோணுமில்லீங்க. புஸ்தகத்தப் பாக்கல. உங்க மூஞ்சியப் பாத்துட்டே பெரட்டுனேன்."

அப்புறம் அவள் உள்ளே போய் உலை வைத்தாள்.

பாதிக்குப் பாதி.

ஜூலை 17

வீட்டில் பேச்சு இல்லை. சொட்டு மருந்து மட்டும் நேரம் தவறாமல் விழுகிறது.

ஜூலை 18

நேற்று முழுக்க எனக்குப் பயமாக இருந்தது. இதுவரை இந்த நோட்டில் அந்த வார்த்தையை எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். ஷேடு கார்டுகளைப் பற்றிப் பயந்தேன். பீரோவின் மூன்று தட்டு இனி வெறும் காகிதமாகிவிடுமோ என்று பயந்தேன். இதே பயத்தை அவள் எனக்கு முன்னால் தனியாகச் சுமந்துகொண்டு, நடுவில் கடையில் பால் வாங்கி, எனக்கு மருந்து போட்டு, கத்திரிப்பூ நிறம் என்று சொல்லியிருக்கிறாள். நான் அவளிடம் பொம்மைப் புத்தகம் படிக்கத் தெரியாதா என்று கேட்டேன்.

அவள் வேலையிலிருந்து வரும்வரை காத்திருந்து, அவள் காதுபட இந்தக் குரல் பதிவை அனுப்பினேன்:

"நண்பர்களே, தண்டபாணி. இருபத்திரண்டு வருசத்துல மொதத் தடவையா ஒரு விமர்சனத்தத் திரும்ப வாங்கிக்கறேன். என்னால இப்பப் படிக்க முடியல. நாலு புத்தகத்தையும் என் வீட்டுக்காரம்மா வசந்தாமணிதான் படிச்சாங்க. குதிரைக்குத் தண்ணி வெக்கலைன்னு கண்டுபிடிச்சது அவங்க. பன்னண்டாம் பக்கத்துல கொலைகாரனப் பிடிச்ச சராசரி வாசகர் அவங்க. சிரிச்ச சாட்சியும் அவங்கதான். நதிக்கதையில அந்த விடியல் புத்தகத்துல இல்ல. அத அவங்க எனக்காக வரைஞ்சாங்க. பத்துக்குப் பத்து அதுக்குத்தான், அத மட்டும் திரும்ப வாங்கல."

அனுப்பிவிட்டுத் திரும்பினேன். முகம் தெரியவில்லை, அவள் நிற்பது தெரிந்தது. "வசந்தா, அன்னைக்கிப் பேசினது தப்பு" என்றேன்.

"செரி, காப்பி ஆறுது, குடிங்க" என்றாள்.

குழுவில் அறுபது, எழுபது பேர் பதில் போட்டிருக்கிறார்கள். அவளே ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள், இந்த முறை எதையும் மாற்றாமல். அடுத்த மாத வரிசையை அக்காவே போடட்டும் என்று நிறையப் பேர். இருபத்திரண்டு வருடத்தில் என் எந்தப் பட்டியலுக்கும் இத்தனை இதயம் வந்ததில்லை. ஜெபசிங்கின் பதில் மட்டும் கொஞ்சம் நீளம்: "அக்கா, உங்க முடிவு நல்லாருக்கு. ஆனா அந்தப் புஸ்தகத்தோட முடிவையும் ஒருக்கா படியுங்க. கறுப்பப் பாத்துப் பயந்து மூடிறாதீங்க. நான் இதுக்கு மேல சொல்ல மாட்டேன்."

"இப்பப் படிக்கலாமா?" என்றேன்.

"இல்லீங்க. அத நீங்களே படிப்பீங்க. அன்னிக்குப் பாத்துக்கலாம்."

ஜூலை 20

கம்பெனியிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். எப்போது வருவீர்கள் என்று நேராகக் கேட்கவில்லை. என் இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கிறவர் பழுப்பையும் காவியையும் ஒன்று என்கிறாராம். இதை எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, வேறு எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

வெண்டைக்காய் நறுக்கினேன். கையால் தடவியே நறுக்கலாம். காம்பு இரண்டு சாம்பாரில் கிடந்தது என்று புகார்.

ஜூலை 22

காலையில் கண் விழித்து ஜன்னலைப் பார்த்தேன். வலது கண்ணில், பார்வையின் உச்சியில், ஒரு கோட்டுக்கு மேலே மட்டும் நெளிவு இல்லை. தொட்டியில் தண்ணீர் வடிகிற மாதிரி குமிழி சுருங்க ஆரம்பித்திருக்கிறது. கோட்டுக்கு மேலே ஜன்னல் கம்பியின் மேல்முனையும் கொஞ்சம் வானமும் தெரிந்தன.

வசந்தாமணியிடம் சொல்லவில்லை. நாளைக்கே தண்ணீர் மறுபடி ஏறிவிட்டால்?

ஜூலை 23

ஏறவில்லை. இன்னும் இறங்கியிருக்கிறது. கோட்டுக்கு மேலே தெரிவதும் தெளிவாக இல்லை, பழைய கண்ணாடி வழியே பார்ப்பது போலத்தான். ஆனால் கொடியில் காயும் அவளுடைய சேலையின் நிறத்தைச் சொல்ல முடிந்தது. வெங்காயச் சருகு நிறம். "இந்தச் சேலை எப்ப எடுத்தது?" என்று கேட்டேன். கையிலிருந்த பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

ஜூலை 24

கோவை. மறுபடி பஸ், இந்த முறை தலை நிமிர்ந்து.

சுவரில் எழுத்துப் பலகையைக் காட்டினார்கள். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டேன். முதல் வரி படித்தேன். இரண்டாம் வரியும் படித்தேன். மூன்றாம் வரியில் இரண்டு எழுத்தைச் சரியாகவும் ஒன்றைத் தப்பாகவும் சொன்னேன். அதற்குக் கீழே எறும்புகள்.

டாக்டரம்மா இந்த முறை எங்கள் இருவரையும் சேர்த்தே உட்கார வைத்துப் பேசினார். "நான் எதிர்பார்த்ததவிட நல்லா இருக்குதுங்க. இன்னும் குமிழி முழுசாக் கரையல. ஆறு மாசம் வரைக்கும் கொஞ்சங் கொஞ்சமா ஏறும். பழைய அளவுக்கு வரும்னு சொல்ல மாட்டேன். பொடி எழுத்துக்கு லென்ஸ் வேண்டி வரலாம்."

"நெறம்?" என்றேன்.

"அது ரெண்டு மாசம் கழிச்சுச் சோதிச்சுச் சொல்றேன். இப்பவே இல்லைனு நெனச்சுக்காதீங்க."

வெளியே வந்ததும் வசந்தாமணி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கொஞ்ச நேரம் எழவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சொட்டு மருந்துப் பையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு தோசை சாப்பிட்டோம்.

ஜூலை 25

மாலை ஐந்து மணிக்கு, ஜன்னலோரம், நல்ல வெளிச்சத்தில் ‘வடக்கே ஒரு நதி’யை எடுத்து வைத்தாள். நூற்று மூன்றாம் பக்கம். "உங்க புஸ்தகம். நீங்க படிங்க" என்றாள்.

கறுப்பு. நல்ல கறுப்பு, அச்சு கொஞ்சமும் மங்காமல். பேச்சை அடைத்து வரையும் பலூன்கள் வெள்ளையாகத் தெரிந்தன, உள்ளே எழுத்துகள் ஊர்ந்தன. எவ்வளவு முயன்றும் ஒன்றும் நிற்கவில்லை. மனசு கொஞ்சம் சரிந்தது. அப்போதுதான் பக்கத்தின் கீழ் மூலையில் வேறொன்று கண்ணில் பட்டது. பலூனுக்கு வெளியே, கறுப்பின் மேலேயே, விரல் அளவு வெள்ளை எழுத்து.

"‘சள’ன்னு போட்டிருக்கு" என்றேன்.

"எங்கீங்க?" குனிந்து பார்த்தாள். "அட ஆமா. நான் இத அன்னிக்குப் பாக்கவே இல்லீங்க."

"பலூன நீ படி."

தயங்கினாள். பிறகு படித்தாள். "‘இனேஸ், எனக்கு எதுவும் தெரியவில்லை.’ ‘திரும்பிவிடலாமா எமில்?’ ‘எதற்கு? சத்தம் மேலேயிருந்துதானே வருகிறது. கழுதையின் கயிற்றை என் கையில் கொடு.’"

பக்கத்தைத் திருப்பினேன். மறுபடி முழுக் கறுப்பு. ஆனால் எழுத்து இப்போது உள்ளங்கை அகலம். "சளசள" என்று நான் படித்தேன். பொடி எழுத்து அவளுக்கு, பெரிய எழுத்து எனக்கு. "‘கால் சறுக்குகிறது.’ ‘நின்று கேள். இப்போது இடது பக்கம்.’" அடுத்த பக்கத்தில் இன்னும் பெரிது. அவன் நதியை நோக்கி நடக்க நடக்க, சத்தத்தைத்தான் படமாக வரைந்திருக்கிறார்கள். அவள் குரல் மெல்ல மெல்ல வேகமெடுத்தது. பயந்த குரல் இல்லை அது. அடுத்து என்ன என்று கேட்கிற குரல்.

"இவன் நிக்கவே இல்லீங்க" என்றாள். "நான் பாட்டுக்கு இருட்டப் பாத்துட்டு மூடீட்டேன். இவன் நடந்துட்டேல்ல இருந்திருக்கான்."

கடைசி விரிப்பில் பலூனே இல்லை. இரண்டு பக்கத்தையும் அடைத்து ஒரே ஒரு எழுத்து. வெள்ளை வெளேரென்று, ஓரம் தாளைத் தாண்டி வெளியே போகிற அளவுக்கு. என் வலது கண்ணில் அது ஆடவில்லை, நெளியவில்லை, கை நீட்டிப் பிடித்த தூரத்தில் அப்படியே நின்றது. அவள் உதவி இல்லாமல், இடது கண் உதவி இல்லாமல், நான் படித்தேன். படிக்கவில்லை, கத்தினேன்.

"ஹோ!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆபரேஷன் செய்த கண்ணில் அழலாமா என்று டாக்டரம்மாவைக் கேட்டு வைக்கவில்லை. வசந்தாமணி சிரித்தாள், பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கவில்லை.

"இன்னொருக்காக் கத்துங்க" என்றாள்.

கத்தினேன்.